கருவியையும் காத்து வையுங்கள்

வீடியோ விளையாட்டுகளுக்கு இசையமைக்கும் நண்பர்களுக்கு,



உங்களில் சிலர் பெரிய ஸ்தாபனங்களில் மாதச் சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள்; சிலர் வீட்டு அறையொன்றில் ஒரு கணிப்பொறியையும் ஒரு சிறிய கீபோர்டையும் ஒரு ஹெட்போனையும் வைத்துக்கொண்டு, முகம் பாராத தோழர்கள் உருவாக்கும் சிறு விளையாட்டுகளுக்கு இரவு வேளைகளில் இசை கூட்டுகிறவர்கள்; இன்னும் சிலர் இந்தத் துறைக்குள் நுழைய வழி தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள். உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்க வந்தது ஒன்றே: நீங்கள் சிருஷ்டிக்கும் இசையைக் காப்பது போலவே, அந்த இசைக்கு உதவிய கருவிகளையும் மென்பொருள்களையும், அவற்றை நீங்கள் கையாண்ட முறைகளையும் காத்து வையுங்கள், முடிந்தபோது அவற்றைப் பிறரும் அறியும்படி வெளியிடுங்கள். பழம்பொருள் சேர்ப்பவர்களின் ஆசையைத் திருப்திசெய்வதற்காக நான் இதைக் கேட்கவில்லை. உங்கள் கலையின் இயல்பிலேயே இந்தக் கடமை அடங்கியிருக்கிறது என்று உறுதியாக நம்புவதனால் கேட்கிறேன். அந்த நம்பிக்கைக்குரிய காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பாடகரின் சங்கீதத்தைக் காக்க விரும்புகிறவர்கள் அதை ஒலிப்பதிவு செய்து வைக்கிறார்கள். பாடியவர் மறைந்த பின்னும் அந்தப் பதிவிலிருந்து அவருடைய குரலையும் மனோதர்மத்தையும் பெரும்பாலும் அறிந்துகொள்ள முடிகிறது. விளையாட்டு இசையின் நிலைமை வேறு. ஆதிகாலத்தில் அது நாடாவில் பதிந்த சப்தமாகப் பிறக்கவேயில்லை. இன்ன குரலில், இன்ன ஸ்வரத்தை, இன்ன நேரத்தில் எழுப்பு என்று ஒரு யந்திரத்துக்கு இடப்பட்ட கட்டளைகளின் கோவையாகவே அது பிறந்தது. ஒவ்வொருவரும் ஆடத் தொடங்குந்தோறும் அந்தக் கட்டளைகள் புதிதாக நிறைவேறி, ஆடுகிறவரின் செயலுக்கு இசைந்து, மறுபடி மறுபடி உயிர் பெற்றன.

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ கம்பெனி 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற யந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் இருந்த ரிக்கோ சிப் ஐந்தே குரல்களை எழுப்ப வல்லது: துடிப்பலையால் ஒலிக்கும் குரல்கள் இரண்டு, முக்கோண அலையால் ஒலிக்கும் குரல் ஒன்று, வெறும் இரைச்சல் ஒன்று, பதிவுசெய்த சிறு துணுக்குகளை ஒலிக்கும் குரல் ஒன்று. துடிப்பலையின் அகலத்தை நான்கு விதமாக மாற்றலாம், அதன் ஓசையையும் படிப்படியாக ஏற்றி இறக்கலாம். முக்கோண அலைக்கோ ஓசையை ஏற்றவும் இறக்கவும் வழியே கிடையாது. அது முழுமையாக ஒலிக்கும், இல்லாவிட்டால் மௌனமாக இருக்கும். 1984-இல் அந்தக் கம்பெனியில் சேர்ந்த கோஜி கோண்டோ, அடுத்த ஆண்டு வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்தபோது, முக்கோண அலையை மந்தர ஸ்தாயிக்கும், இரைச்சலைத் தாளத்துக்கும், துடிப்பலைகள் இரண்டையும் மெட்டுக்கும் அதன் துணைக் குரலுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை: மாரியோ தாவும்போதும் காசைப் பற்றும்போதும் எழும் ஓசைகள், இசைக்கென்றிருந்த அந்தத் துடிப்பலைக் குரல்களையே ஒரு க்ஷணம் இரவலாகப் பெற்று ஒலித்துவிட்டு மறுபடி இசைக்கே திருப்பிக் கொடுத்தன. ஆகவே அந்த இசை என்பது மெட்டு மாத்திரமல்ல. மெட்டும், சிப்பும், ஆடுகிறவரின் கட்டைவிரலும் சேர்ந்து அந்தந்த நேரத்தில் செய்துகொள்ளும் உடன்பாடு என்றே சொல்லவேண்டும்.

2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசத்தின் பெருமைக்குரிய ஒலிப்பதிவுகளின் பதிவேட்டில் இந்த மாரியோ இசையைச் சேர்த்தது. ஒரு வீடியோ விளையாட்டின் இசை அப்பதிவேட்டில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை. 2025-இல் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டுக்கு டேனியல் ரோசன்ஃபெல்ட் அமைத்த இசைத் தொகுப்பும் அந்தக் கௌரவத்தைப் பெற்றது. இவை மனமாரப் போற்றவேண்டிய செயல்கள். ஆனாலும் பதிவேடு காப்பது ஒலியையே. அந்த ஒலி எந்தப் பட்டறையில், எந்த உளியால் செதுக்கப்பட்டது என்பதைக் காக்கும் பொறுப்பு செதுக்கியவர்களையே சார்ந்தது. வீணையின் மெட்டுக்களை மெழுகில் பதிக்கத் தெரிந்த தச்சர் பரம்பரை அற்றுப்போனால், வீணை வாசித்த இசைத்தட்டுகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் புதிய வீணை ஒன்று பிறக்காது அல்லவா? உங்கள் துறையில் கருவி செய்யும் தச்சரும் அதை வாசிக்கும் வித்வானும் பல சமயங்களில் ஒரே ஆளாக இருப்பதனால், இந்தப் பொறுப்பு உங்கள்மேல் இரட்டிப்பாக விழுகிறது.

இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்த ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அவர் யூஸோ கோஷிரோ. 1967-இல் டோக்கியோவில் பிறந்தவர். பியானோ வாசிக்கும் தாயிடமே சிறு பிராயத்தில் சங்கீதம் பயின்றவர். பிற்காலத்தில் திரைப்பட இசையால் உலகப் புகழ் பெற்ற ஜோ ஹிசைஷியிடமும் சில காலம் பாடம் கேட்டவர். பள்ளிப் பருவத்தில் விளையாட்டுக் கூடங்களில் கேட்ட இசையை வீட்டுக் கணிப்பொறியில் ஒலிக்கச் செய்து பார்க்கும் ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் கையில் கிடைத்தது என்இசி கம்பெனியின் பிசி-8801 வரிசைக் கணிப்பொறி. அந்த வரிசையில் 1985-இல் வந்த மார்க் டூ எஸ்ஆர் என்ற மாதிரியில் யமாஹா கம்பெனியின் ஒய்எம்2203 என்ற ஒலிச் சிப் பொருத்தப்பட்டிருந்தது. எஃப்எம் முறையில் ஒலிக்கும் குரல்கள் மூன்று, சாதாரணச் சதுர அலைக் குரல்கள் மூன்று, ஆக ஆறு குரல்கள் அதனிடம் இருந்தன.

எஃப்எம் முறையின் தத்துவத்தை இங்கே சுருக்கமாகச் சொல்வது அவசியம். ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையைக் கொண்டு மிக வேகமாக அசைத்தால், மூல அலையில் இல்லாத உபஸ்வரங்கள் பல திடீரென்று தோன்றி, மொட்டையான ஒலி மணியோசையாகவோ பித்தளை வாத்திய ஓசையாகவோ மாறிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் சௌனிங் 1967-இல் இதைக் கண்டறிந்து 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். யமாஹா கம்பெனி அதன் உரிமையைப் பெற்று, 1983-இல் டிஎக்ஸ்7 என்ற பிரசித்தமான சிந்தசைசரைச் செய்தது. பிறகு அதே தத்துவத்தை மலிவான சிப்புகளிலும் அடக்கியது. ஒய்எம்2203-இன் ஒவ்வோர் எஃப்எம் குரலிலும் நான்கு அலைகள் உண்டு. எது எதை அசைக்கவேண்டும் என்பதை எட்டு விதமாக அமைக்கலாம். ஒவ்வோர் அலையும் எவ்வளவு வேகமாக எழவேண்டும், எந்த மட்டத்தில் நிற்கவேண்டும், எப்படித் தேய்ந்து மறையவேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனி எண்கள் கொடுக்கவேண்டும். ஒரே ஒரு வாத்தியத்தின் நாதத்தை அமைப்பதற்கே நாற்பது எண்களை ஒட்டிய ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அந்தப் பட்டியல்தான் கோஷிரோவின் வாத்தியம். அதில் ஓர் எண் பிசகினால் வயலின் தகர டப்பாவாகிவிடும்.

ஸ்வரங்களை எழுதுவதற்கு அந்தக் கணிப்பொறியின் பேசிக் மொழியோடு எம்எம்எல் என்ற எளிய இசைக் குறிமொழி ஒன்று வந்தது. சி, டி, இ என்ற எழுத்துக்கள் ஸ்வரங்களைக் குறிக்கும்; பக்கத்தில் இடும் எண்கள் கால அளவையும் ஸ்தாயியையும் குறிக்கும்; வேகத்துக்கு ஒரு குறி, ஓசைக்கு ஒரு குறி, வாத்தியத்தை மாற்ற ஒரு குறி. ஆனால் கோஷிரோவின் காதுக்கு அது போதவில்லை. ஸ்வரம் நடுங்கும் விதத்தையும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் விதத்தையும் தாம் நினைத்தபடி நிர்ணயிக்க வேண்டும் என்பதற்காக, அவர் யந்திர மொழியில் இறங்கித் தமக்கென்றே ஒரு கருவியை ஆக்கிக்கொண்டார். மியூகாம்88 என்று அதற்குப் பெயர். நிஹான் ஃபால்காம் கம்பெனியின் ‘ஈஸ்’ விளையாட்டுக்கு மியெகோ இஷிகாவாவோடு சேர்ந்து அவர் இசையமைத்தது 1987-இல். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. வாத்தியத்தை வாங்கி வாசிக்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, வாசிக்க வேண்டிய வாத்தியத்தை எண் எண்ணாகத் தானே வார்த்து, அதை வாசிக்கும் மொழியையும் தானே இலக்கணம் வகுத்து எழுதிய அந்த இளைஞரின் உழைப்பு மிகுந்த ஆச்சரியத்தைத் தருகிறது.

இந்தப் பட்டறையை அவர் பல ஆண்டுகள் கைவிடவில்லை. சேகா கம்பெனியின் மெகா டிரைவ் யந்திரத்துக்கு இசையமைத்தபோதும், பிசி-8801-ஐ வைத்தே அமைத்தார்; மெகா டிரைவின் ஒய்எம்2612 சிப் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் எஃப்எம் குரல்கள் ஆறு; ஆறாவது குரலைத் தியாகம் செய்தால் அதன் வழியாக உண்மையான முரசொலித் துணுக்குகளை ஒலிக்கலாம். 1991-இல் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ விளையாட்டும் அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பாகமும் வந்தபோது, அக்காலத்து நடன அரங்குகளில் ஒலித்த ஹவுஸ், டெக்னோ இசைகளின் கனத்த தாளத்தை, அந்தத் தியாகத்தின் பயனாகவே வீட்டுத் தொலைக்காட்சியில் கேட்க முடிந்தது. இசையமைப்பாளரின் பெயரை விளையாட்டின் முகப்புத் திரையிலேயே காட்டியது அந்நாளில் அபூர்வமான மரியாதை. பேசிக் குறிமொழியைப் பெரிதும் திருத்தி அவர் அமைத்துக்கொண்ட இன்னொரு கருவிக்கு ‘மியூசிக் லவ்’ என்று பெயரிட்டிருந்தார். தம் கருவியிடம் ஒருவருக்கு இருந்த பிரியத்துக்கு அந்தப் பெயரே சாட்சி. 1994-இல் மூன்றாம் பாகத்துக்கு இசையமைக்கையில், ஸ்வரக் கோவைகளைத் தானாகவே பிறப்பிக்கும் ஒரு நிரல் முறையையும் அவர் வகுத்தார். 2007-இல் நிண்டெண்டோ டிஎஸ் யந்திரத்துக்காக ‘எட்ரியன் ஒடிஸி’ வந்தபோது, எத்தனையோ நவீன சாதனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், பழைய பிசி-8801-இன் எஃப்எம் நாதத்துக்கே திரும்பினார். கருவியைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் திரும்ப முடிந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இவை அனைத்தினும் மேலாக நான் மதிப்பது அவர் பின்னாளில் செய்த ஒரு காரியத்தை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், மியூகாம்88 கருவியை அதன் மூல நிரலோடு பொதுவில் வெளியிட இசைந்தார். இன்றைய கணிப்பொறிகளில் இயங்கும் வடிவமும் அதற்கு உண்டாயிற்று. பழைய பாடல்கள் சிலவற்றின் மூலக் குறிப்புகளும் வெளிவந்தன. அவற்றைத் திறந்து வாசிக்கும் ஒரு மாணவர், பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதோடு, ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதையும் வரி வரியாகக் கற்கலாம். ஓர் எண்ணை மாற்றி நாதம் மாறுவதைக் கேட்கலாம். தாமும் அந்தக் கருவியில் புதிதாக ஒரு பாட்டு எழுதலாம். ஒலிப்பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்த உபதேசத்தை அதனால் செய்ய முடியாது.

கோஷிரோ தனித்த உதாரணமல்ல. 1982-இல் வந்த கமடோர் 64 கணிப்பொறிக்கு பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப்பில் குரல்கள் மூன்றே. ஆனால் அலை வடிவங்களை விருப்பம்போல் தேர்ந்துகொள்ளவும், வடிகட்டியால் நாதத்தைக் கனியவைக்கவும் அதில் வழி இருந்தது. அந்த வடிகட்டி ஒவ்வொரு சிப்பிலும் சிறிது வேறுபட்டதனால், ஒரே பாட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக ஒலித்தது. இங்கிலாந்தில் ராப் ஹப்பர்ட், இசை மென்பொருள் எதனையும் நாடாமல், அசெம்பிளி மொழியில் தாமே எழுதிய நிரலைக் கொண்டு அந்தச் சிப்பை நேரே ஆட்சி செய்தார். 1985-இல் வந்த ‘மான்ட்டி ஆன் தி ரன்’ இசை அவ்வாறு பிறந்தது. அந்த யந்திரத்தின் இசையைத் திரட்டும் தொண்டர்கள் 1990-களில் ஆரம்பித்து இன்றுவரை ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் சேர்ப்பவை ஒலிப்பதிவுகள் அல்ல. இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரத் தரவையும் அதை ஒலிக்கச் செய்த நிரலையும் பிரிக்காமல் ஒருங்கே எடுத்து வைக்கிறார்கள். விளையாட்டு இசையைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லாமற் சொல்லும் விடை அது.

ஜெர்மனியில் கிறிஸ் ஹூல்ஸ்பெக் என்ற இளைஞர், தாம் இசையமைப்பதற்காகச் செய்துகொண்ட ‘சவுண்டு மானிட்டர்’ என்ற மென்பொருளை 1986-இல் ஒரு கணிப்பொறிப் பத்திரிகையில் அச்சிடக் கொடுத்தார். வாசகர்கள் பக்கம் பக்கமாக இருந்த அந்தப் பட்டியலைத் தங்கள் யந்திரத்தில் தட்டச்சு செய்து, இசையமைப்பாளர்களாக மாறினார்கள். 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி, அமிகா கணிப்பொறியின் நான்கு குரல்களுக்காக ‘அல்டிமேட் சவுண்டுடிராக்கர்’ என்ற மென்பொருளை ஆக்கினார். அது கடையில் பெரிதாக விலைபோகவில்லை. ஆனால் பிறர் அதைப் பிரித்துப் பார்த்து, திருத்தி, பெருக்கி, டிராக்கர் என்ற ஒரு மரபையே உண்டாக்கிவிட்டார்கள். அந்த மரபின் கோப்பில் ஸ்வரங்களும் இருக்கும், அவற்றை ஒலிக்க வேண்டிய வாத்தியத் துணுக்குகளும் கூடவே இருக்கும். பாட்டு போகுமிடமெல்லாம் வாத்தியமும் போகும். 1998-இல் வந்த ‘அன்ரியல்’, 2000-இல் வந்த ‘டியூஸ் எக்ஸ்’ முதலிய விளையாட்டுகளின் இசையும் இந்த வழியில் வந்ததே. அந்தக் கோப்புகளை இன்றைக்கும் ஒருவர் திறந்து, வாத்தியம் வாத்தியமாகப் பிரித்துப் பார்க்கலாம். அந்த ஏற்பாட்டின் எளிமையில் இருந்த தீர்க்கதரிசனத்தை நாம் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

இனி உங்கள் இன்றைய பட்டறைக்கு வருகிறேன். கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர் என்று உங்களுக்குப் பழக்கமான டிஏடபிள்யூ மென்பொருள்களில் ஏதோ ஒன்று நடுநாயகமாக இருக்கிறது. 1996-இல் ஸ்டைன்பெர்க் கம்பெனி விஎஸ்டி என்ற முறையை வகுத்ததிலிருந்து, சிந்தசைசர்களும் எதிரொலிப் பெட்டிகளும் ப்ளக்-இன்களாக உருமாறி அந்த மென்பொருளுக்குள்ளேயே குடியேறிவிட்டன. கான்டாக்ட் போன்ற சாம்பிளர்கள், ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு வில்வீச்சையும் வட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு உங்கள் விரலுக்குக் காத்திருக்கின்றன. இசை உருவான பின், வைஸ் அல்லது எஃப்மாட் என்னும் மென்பொருள் அதை விளையாட்டோடு இணைக்கிறது: பகைவர் நெருங்கினால் முரசு சேரவேண்டும், ஆபத்து நீங்கினால் வயலின் மட்டும் எஞ்சவேண்டும் என்ற விதிகளை நீங்கள் அங்கே எழுதுகிறீர்கள். இந்த விதிகளின் மூதாதை, லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனியில் மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும் ஆக்கிய ஐம்யூஸ்; 1991-இல் வந்த ‘மங்கி ஐலண்டு’ இரண்டாம் பாகத்தில், ஆடுகிறவர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குள் நுழையுந்தோறும், மெட்டு அறுபடாமலே இசை வேறு வேஷம் பூண்டது அதனால்தான்.

இந்தப் பட்டறையின் வளம் பழைய பட்டறைகளுக்குக் கனவிலும் கிட்டாதது. ஆயினும் இதன் ஆயுள் அவற்றின் ஆயுளைவிடக் குறைவு என்பதை நீங்கள் நன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். பிசி-8801 முழுவதையும் இன்றைய கணிப்பொறி ஒன்றுக்குள் அப்படியே நடித்துக் காட்டச் செய்யலாம். அதன் சிப் ஒன்று, மொழி ஒன்று, கோப்பு ஒன்று. உங்கள் ப்ராஜெக்ட் கோப்போ, பத்து கம்பெனிகளின் இருபது ப்ளக்-இன்களை நம்பி நிற்கிறது. அவற்றில் ஒன்று நின்றாலும் அந்தக் கோப்பு ஊமையாகிவிடும். 2002-இல் லாஜிக் மென்பொருளை ஆக்கிய எமேஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியபோது, விண்டோஸ் கணிப்பொறிக்கான அதன் பதிப்பு நின்றுபோயிற்று. 2017-இல் கிப்ஸன் கம்பெனி கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரின் பேண்ட்லேப் கம்பெனி அதை வாங்கியதனால்தான் அது பிழைத்தது. 2019-இல் ஆப்பிளின் புதிய இயங்குதளம் 32-பிட் மென்பொருள்களை அடியோடு விலக்கியபோது, அந்த வகையைச் சேர்ந்த ப்ளக்-இன்கள் எல்லாம் அக்கணிப்பொறிகளில் ஒரேயடியாக மௌனமாயின. அனுமதிச் சாவியைத் தொலைதூரத்துச் சர்வர் ஒன்றிடம் கேட்டுப் பெறும் மென்பொருள்களுக்கு, அந்தச் சர்வர் உள்ளவரைதான் ஜீவன். யாரையும் குறைகூற இவற்றை நான் சொல்லவில்லை. வியாபாரத்தின் இயல்பு அது. உங்கள் கலையின் ஆயுளை அந்த இயல்பின் கையில் ஒப்படைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இக்காலத்திலும் தம் பட்டறையைத் திறந்து காட்டியவர்கள் இல்லாமலில்லை. 2016-இல் வந்த ‘டூம்’ விளையாட்டுக்கு இசையமைத்த மிக் கார்டன், எளிய சைன் அலையையும் இரைச்சலையும் எடுத்து, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் பல விளைவுப் பெட்டித் தொடர்களின் வழியே செலுத்தி, உலோகம் உறுமுவது போன்ற அந்த நாதத்தை அடைந்தார். அந்தத் தொடரின் அமைப்பே அவருடைய வாத்தியம். அடுத்த ஆண்டு விளையாட்டுத் துறையினரின் மகாநாட்டில் அந்த முறை முழுவதையும் அவர் விளக்கிக் காட்டினார். 1994-இல் ‘டாங்கி காங் கன்ட்ரி’ விளையாட்டுக்கு டேவிட் வைஸ் இசையமைத்தபோது, சூப்பர் ஃபேமிகாம் யந்திரத்தின் ஒலிக்கென்றிருந்த 64 கிலோபைட் நினைவகத்துக்குள், கார்க் வேவ்ஸ்டேஷன் என்ற பெரிய சிந்தசைசரின் நாதத்தைச் சிறு சிறு அலைத் துண்டுகளாக அரிந்து அடக்கினார். அந்த உபாயத்தைப் பேட்டிகளில் அவரே எடுத்துச் சொன்னதனால்தான் நாம் இன்று அறிகிறோம். சொல்லாமல் போனவர்களின் உபாயங்கள் எத்தனையோ அவர்களோடு போய்விட்டன.

என் வேண்டுகோளுக்கு நீங்கள் கூறக்கூடிய ஆட்சேபங்களையும் நான் யோசித்துப் பார்த்தேன். முடிந்த இசை முழுமையான ஒலிக் கோப்பாகக் கையில் இருக்கும்போது மற்றவை எதற்கு என்று கேட்பீர்கள். வைஸ், எஃப்மாட் வழியே அடுக்கடுக்காகப் பிரிந்து ஒலிக்கும் இசைக்கு முடிந்த வடிவம் என்று ஒன்று இல்லை. தொகுப்பில் வெளியிடும் பதிவு, ஆயிரம் சாத்தியங்களில் நீங்கள் தேர்ந்துகொண்ட ஒன்றேயாகும். தொழில் ரகசியம் பறிபோகுமே என்று அஞ்சுவீர்கள். தம் கருவியை ஊருக்கெல்லாம் அச்சிட்டுக் கொடுத்த ஹூல்ஸ்பெக், அதற்குப் பின் ‘டர்ரிகன்’ விளையாட்டின் இசையால் முன்னிலும் பெரும்புகழ் அடைந்தார். கருவி பொதுவானதால் அவருடைய கற்பனையில் குறைந்தது ஒன்றுமில்லை. கெடு தேதி நெருக்கும்போது இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்பீர்கள். அது நியாயமான ஆட்சேபம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே விளையாட்டைப் புதிய யந்திரத்துக்கு மாற்றவோ, அடுத்த பாகம் எழுதவோ உங்களையே அழைக்கும்போது, பழைய கோப்பு திறக்க மறுத்தால் செலவாகப் போகும் நாட்களோடு ஒப்பிட்டால், இன்று செலவிடும் அரை நாள் மிகச் சொற்பம்.

ஆகவே, செய்யக்கூடிய சில காரியங்களைக் குறிப்பிடுகிறேன். முதலாவது, ஒரு பாட்டு முடிந்தவுடன் அதன் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஸ்டெம்மாக, எதிரொலி முதலிய அலங்காரங்களோடு ஒரு முறையும் அவை இல்லாமல் ஒரு முறையும், சாதாரண வேவ் கோப்பில் எடுத்து வையுங்கள். ஸ்வரங்களை மிடி கோப்பாகவும், வேக மாற்றங்களை அதனுடனும் சேருங்கள். மிடி 1983-இல் பிறந்தது. இன்றும் எல்லாக் கணிப்பொறிகளும் அதைப் புரிந்துகொள்கின்றன. இரண்டாவது, நீங்கள் அமைத்த நாதங்களின் அளவைகளைக் கம்பெனியின் பிரீசெட் கோப்பில் மட்டும் நம்பி விடாமல், வெறும் எழுத்தாகவும் எழுதி வையுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்பதையும் குறியுங்கள். ஹார்டுவேர் சிந்தசைசராக இருந்தால் அதன் நினைவகத்தைக் கணிப்பொறிக்கு இறக்கிக்கொள்ளுங்கள்; உள்ளிருக்கும் பாட்டரி தீர்ந்தால் நீங்கள் அமைத்த நாதங்களும் அழிந்துவிடக்கூடிய பழைய யந்திரங்கள் உங்களில் பலரிடம் இருக்கின்றன. மூன்றாவது, வைஸ் அல்லது எஃப்மாட் ப்ராஜெக்டை அதன் விதிகளோடு சேர்த்துக் காப்பாற்றுங்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்ததை இரண்டு பக்கங்களில் சாதாரண வசனத்தில் எழுதுங்கள், ஏனென்றால் விதியின் உருவத்தைக் கோப்பு காட்டும். அதன் நோக்கத்தை உங்கள் சொல்தான் காட்டும்.

நான்காவது, புதிய கருவியை வாங்கும்போது, அதன் நாதம் இனிமையாக இருக்கிறதா என்பதோடு, அதில் செய்த வேலையை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்பதையும் கேளுங்கள். 2023-இல் பிட்விக், பிரிசோனஸ் ஆகிய கம்பெனிகள் டிஏடபிள்யூ-ப்ராஜெக்ட் என்ற திறந்த கோப்பு முறையை வெளியிட்டன. ஒரு மென்பொருளில் தொடங்கிய வேலையை இன்னொன்றில் தொடர்வதற்கு அது வழி திறக்கிறது. அத்தகைய முயற்சிகளை ஆதரியுங்கள். ஐந்தாவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், மூலக் கோப்புகளின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளவும், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அதை ஒரு காப்பகத்தில் சேர்க்கவும் அனுமதிக்கும் ஷரத்தைக் கேட்டுப் பெறுங்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் மியூசியமும், 2017-இல் தோன்றிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் விளையாட்டுகளின் சரித்திரத்தைக் காப்பதையே தொண்டாகக் கொண்டவை. கேட்டால் மறுக்கும் முதலாளிகள் இருக்கலாம், ஆனால் கேளாமலே விட்டுவிடுவது நம்முடைய குற்றமாகிவிடும். கடைசியாக, எவ்வளவு சிறியதாயினும் சரி, ஒரு கருவியை நீங்களே செய்து பாருங்கள்: ஓர் எளிய சாம்பிள் தொகுப்பு, ஒரு சிறு நிரல், நான்கு அலைகளைக் கொண்ட ஓர் எஃப்எம் வாத்தியம் எதுவானாலும் போதும். அதைச் செய்துபார்த்தவருக்குப் பிறர் செய்த கருவிகளின் அருமை விளங்கும்; எதைக் குறித்து வைக்கவேண்டும் என்பதும் பிறர் சொல்லாமலே புரியும்.

நண்பர்களே, உங்கள் கலைக்கு வயது அதிகமில்லை. அதன் முதல் தலைமுறையினரில் பலர் நம்மிடையே இன்னும் வாழ்கிறார்கள், கேட்டால் சொல்லுகிறார்கள், சிலர் கேளாமலே தங்கள் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வேறெந்தக் கலையின் வரலாற்றிலும் பின்வந்தோருக்கு இவ்வளவு பெரிய அனுகூலம் வாய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த அனுகூலத்தை உங்களுக்குப் பின்வருவோருக்கும் அளிக்க வேண்டியவர்கள் நீங்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை முடிந்ததும், அடுத்த வேலையைத் தொடங்குமுன், அந்த அரை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒதுக்கிய பின், உங்கள் நண்பர்களிடமும் அவ்வாறே செய்யச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்
ஒரு ரசிகன்